அலிபி என்ற சொல்லுக்கு நான் எழுதிய ஐந்து வாக்கியங்கள்

என் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண், தெரு ஆகியவை முதல் தாளில் எழுத்தர் எழுதிக்கொண்டபடி சரியே. வயது எழுபத்து மூன்று முடிந்து நான்கு மாதம். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மகள், மருமகன் ஆகியோருடன் அவர்கள் வீட்டின் மாடி அறையில் குடியிருக்கிறேன். இன்று சனிக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு யாரும் அழைக்காமல் நானாக இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து, ஆய்வாளர் முன்னிலையில் கூறுவதாவது:

கோர்வையாகச் சொல்ல வராது என்ற பயத்தில், சொல்ல வேண்டியவற்றை வீட்டிலேயே ஆறு குறிப்புகளாக எழுதிக் கொண்டுவந்தேன். ஆய்வாளர் பார்த்துவிட்டு அப்படியே முதலில் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்.

1. நான் செய்துவந்த வேலையும் இப்போது செய்யும் வேலையும்.
2. சொல் அட்டைகளை நான் எழுதும் முறை.
3. சம்பவம் நடந்த செவ்வாய்க்கிழமை மாலை என் அறையில் நடந்தது.
4. மறுநாள் நான் எழுதிய அலிபி அட்டையும், அது காவல் நிலையத்துக்கு வந்த விதமும்.
5. பைண்டர் அந்த நேரம் முழுவதும் என் அறையில்தான் இருந்தார் என்பதற்கு ஆதாரம்.
6. கண் சிகிச்சையின் காரணமாக நான் ஒன்பது நாள் தாமதித்து வந்தது.

முதல் குறிப்பு. முப்பத்து நான்கு ஆண்டுகள் நீதிமன்றத்தில் மற்றவர்களின் வாக்குமூலங்களைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றிக் கொடுத்தேன். என்னுடைய வாக்குமூலம் என்று ஒன்று கொடுப்பது இதுவே முதல் தடவை. ஓய்வு பெற்ற பிறகு, வக்கீல் குமாஸ்தாக்களுக்குப் பயன்படும்படி ஆங்கிலச் சட்டச் சொற்களுக்குப் பொருளும், அவற்றை வாக்கியத்தில் எப்படிப் பயன்படுத்துவது என்பதும் அடங்கிய சிறு கையகராதி ஒன்றைத் தயாரித்து வருகிறேன். அதை அச்சிட ஓர் அச்சகம் ஒப்புக்கொண்டது. தீப்பிடித்ததாகச் சொல்லப்படும் காகிதக் கிடங்கு அந்த அச்சகத்தினுடையதே. இப்போது காவலில் உள்ளவர் அங்கே புத்தகம் தைத்துக் கட்டும் பைண்டர். செவ்வாய்க்கிழமைகளில் அச்சகத்துக்கு அரை நாள்தான் வேலை என்பதால், அன்று மாலை அவர் வீட்டுக்குப் போகும் வழியில் என் அறைக்கு வந்து, புதிய அச்சுப் படிகளைக் கொடுத்துவிட்டு, நான் பிழை திருத்தி வைத்தவற்றை வாங்கிப்போவார். ஒன்றரை வருடமாக இது நடக்கிறது. அவருக்கும் எனக்கும் வேறு கொடுக்கல் வாங்கலோ உறவோ இல்லை.

இரண்டாம் குறிப்பு. ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அட்டை. மேலே ஆங்கிலச் சொல், அடுத்து தமிழில் பொருள், அதற்குக் கீழே ஐந்து ஆங்கில வாக்கியங்கள். பொருள் மட்டும் தெரிந்தவனுக்குச் சொல் தெரிந்ததாக ஆகாது. அலிபி என்றால், குற்றம் நடந்த வேளையில் குற்றம் சாட்டப்பட்டவர் அங்கே இல்லாமல் வேறோர் இடத்தில் இருந்தார் என்பது. இது ஒரு வரியில் முடிந்துவிடும். அலிபியை எழுப்புகிறார்களா, கூறுகிறார்களா, அது நிலைக்கிறதா, உடைகிறதா, அதை மெய்ப்பிக்கும் பொறுப்பு யாருடையது என்பதெல்லாம் வாக்கியம் எழுதினால்தான் விளங்கும். வாக்கியங்களில் வெறுமனே அ என்பவர், ஆ என்பவர் என்று எழுதினால் படிக்கிறவருக்கு மனதில் நிற்பதில்லை. ஆகவே அந்தந்த வாரம் என் கண்ணில் பட்டவர்களை வாக்கியத்தில் போடுவது என் வழக்கம். தண்ணீர் கேன் போடுகிறவர் என் அட்டைகளில் மூன்று முறை ஆள்மாறாட்டம் செய்திருக்கிறார். எதிர்வீட்டு வாத்தியார் உயில் எழுதாமலே பலமுறை இறந்திருக்கிறார். மருமகன்தான் அடிக்கடி அகப்படுவார். அவர் இருதார மணம் செய்ததாக எழுதிய அட்டையை ஒருநாள் மகள் பார்த்துவிட்டு, "அப்பா, இருக்கற ஒருத்திக்கே அவரால பதில் சொல்ல முடியல" என்றாள். மருமகன், "போன வாரம் கள்ளக் கையெழுத்து, இந்த வாரம் ரெண்டாம் கல்யாணம். அடுத்த வாரமாவது ஜாமீன் குடுங்க மாமா" என்றார். இவற்றைச் சொல்வதற்குக் காரணம், என் அட்டையில் ஒருவர் குற்றவாளியாக இருப்பதால் அவர் வெளியிலும் குற்றவாளி ஆகிவிட மாட்டார் என்பதைத் தெரிவிக்கவே.

மூன்றாம் குறிப்பு. மேற்படி செவ்வாய்க்கிழமை, அதாவது சென்ற வாரம், மகளும் மருமகனும் வேலைக்குப் போயிருந்தார்கள். வீட்டில் நான் மட்டும் இருந்தேன். சளிக்காக மத்தியானம் ஒரு மாத்திரை போட்டிருந்தேன். மூன்று இருபத்தைந்துக்குப் பைண்டர் வந்தார். அவர் முகம் வாடியிருந்ததால் என்னவென்று கேட்டேன். முந்தின நாள் நடந்ததைச் சொன்னார். பள்ளிக்கூட நிலப்படப் புத்தகம் முந்நூறு பிரதிகளில் பதினாறு பக்கம் விட்டுப்போயிருந்ததாம். அச்சானதை அடுக்கித் தந்தவர் செய்த பிழைக்கு, முதலாளி எல்லோர் முன்னிலையிலும் இவரைக் கண்டபடி பேசினாராம். அதன் பிறகு தானும் வாய் தவறி, இந்தக் காகிதமெல்லாம் எரிஞ்சு சாம்பலானாத்தான் எனக்கு நிம்மதி என்று சொல்லிவிட்டதாகச் சொல்லி வருத்தப்பட்டார். நாளைக்குப் போய் முதலாளியிடம் மன்னிப்புக் கேட்கப் போவதாகச் சொல்லி, எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று என்னைக் கேட்டார். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பதில் சொல்ல இன்றுவரை சந்தர்ப்பம் வரவில்லை.

அதன் பிறகு, திருத்திய படிகளை எடுக்க நான் அலமாரிப் பக்கம் திரும்பியபோது என் முழங்கை பட்டு அட்டைப் பெட்டி கீழே விழுந்தது. எண்ணூற்று நாற்பது அட்டைகள். அகர வரிசையில் மூன்று வருடமாக அடுக்கி வைத்தவை கட்டிலுக்கடியிலும் கதவோரத்திலுமாகச் சிதறின. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான் குனியப் போனதைப் பைண்டர் தடுத்து, "உக்காருங்க ஐயா. காகிதம் பொறுக்கி அடுக்கறதுதானே என் பொழப்பு. நீங்க உங்க பக்கத்தப் பாருங்க" என்றார். திருத்த வேண்டியதில் கடைசிப் பக்கம் மட்டும் பாக்கியிருந்தது. ஒவ்வொரு பக்கத்தையும் தொடங்கும் நேரத்தை ஓரத்தில் குறிப்பது என் பழக்கம். அந்தப் பக்கத்தில் மூன்று நாற்பது என்று குறித்திருக்கிறேன். மூன்றாவது வரிக்கு மேல் திருத்தம் இல்லை. பேனா கீழ்நோக்கி ஒரு கோடு இழுத்திருக்கிறது. அதாவது நாற்காலியிலேயே தூங்கிவிட்டேன்.

விழித்தபோது சுவர்க் கடிகாரத்தில் நான்கு நாற்பத்தைந்து. பைண்டர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து கடைசிக் கட்டுக்கு நூல் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். எழுப்பியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். "அசந்து தூங்கறவரை எப்படி எழுப்பறது? எனக்கு என்ன அவசரம்?" என்றார். நான் வெட்கத்தோடு கடைசிப் பக்கத்தை அவசரமாக முடித்துக் கொடுக்க, ஐந்து மணி அடித்த பிறகு அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அச்சகத்தில் நான்கு மணிக்கும் நான்கு பத்துக்கும் இடையில் யாரோ கிடங்கைத் திறந்து தீ வைத்ததாக எனக்குப் பிறகே தெரியவந்தது.

நான்காம் குறிப்பு. மறுநாள் புதன்கிழமை காலை, பைண்டர் கட்டி வைத்த முதல் கட்டைப் பிரித்துச் சரிபார்த்தேன். அப்போதுதான் அலிபி என்ற சொல்லுக்கு அட்டையே எழுதாமல் விட்டிருந்தது தெரிந்தது. மூன்று வருடமாகக் கண்ணில் படாத குறை. உடனே எழுதினேன். அன்றைக்கு என் மனதில் இருந்தவர் பைண்டர். என்னை உறுத்தியது என் தூக்கம். ஆகவே அவரையும் அதையும் வைத்தே வாக்கியங்கள் வந்தன. எழுத்தர் கேட்டபடி அவற்றின் தமிழைத் தருகிறேன். முதலாவது: நான்கு மணிக்குத் தான் மொழிபெயர்ப்பாளரின் அறையில் இருந்ததாகப் பைண்டர் அலிபி கூறினார். இரண்டாவது: அலிபியை மெய்ப்பிக்கும் பொறுப்பு பைண்டருடையது. மூன்றாவது: மொழிபெயர்ப்பாளர் தூங்கிவிட்டபடியால் அலிபி நிலைக்கவில்லை. நான்காவது: பைண்டரின் அலிபி பொய்யானது என்று காவல்துறை முடிவு செய்தது. அதோடு அட்டையில் இடம் முடிந்துவிட்டதால் ஐந்தாவதைப் பின்பக்கம் எழுதினேன். அது: விசாரணையில் அலிபி மெய்ப்பிக்கப்பட்டு பைண்டர் விடுவிக்கப்பட்டார்.

இவற்றை எழுதியபோது கிடங்கு எரிந்தது எனக்குத் தெரியாது. கண் உறுத்தலால் இரண்டு நாளாகப் பத்திரிகை படிக்கவில்லை. அட்டையைப் பெட்டியின் முன்பக்கத்தில் வைத்தேன். அன்று மாலைதான் பைண்டரைப் பிடித்திருக்கிறார்கள். தான் என் அறையில் அட்டை அடுக்கிக்கொண்டிருந்ததாக அவர் சொன்னதன் பேரில், வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குக் காவலர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். நான் கண் மருத்துவரிடம் போயிருந்தேன். அட்டைகள் எங்கே என்று கேட்க, அன்று என் பொருட்டு விடுப்பில் இருந்த மகள் பெட்டியை அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டாள். காவலர் நன்றாகப் படித்தவர் என்றும், முன்னால் இருந்த அட்டையை மாடிப்படியில் நின்றே படித்துவிட்டு மிகவும் மரியாதையோடு நன்றி சொல்லிப் போனார் என்றும் மகள் சொன்னாள். அந்த அட்டையின் முன்பக்கத்தை மட்டும் நகல் எடுத்து வழக்குக் கட்டில் சேர்த்திருப்பதை ஆய்வாளர் இன்று எனக்குக் காட்டினார். காவலர் மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. அவ்வளவு பொருத்தமாக எழுதி வைத்தது நான்.

மூன்றாவது வாக்கியம் உண்மைதானே என்று ஆய்வாளர் கேட்டார். தூங்கியது உண்மை, அலிபி நிலைக்காது என்பது உண்மையல்ல என்றேன். "ஐயா, தூங்கிட்டிருந்த சாட்சியை வச்சு நான் என்ன செய்யறது, நீங்களே சொல்லுங்க" என்றார். அவர் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. எனக்குத் தண்ணீர் வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் சொன்னார்.

ஐந்தாம் குறிப்பு. என் கண்ணை நம்ப வேண்டாம், அட்டைகளைப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டேன். ஆய்வாளர் பெட்டியை வரவழைத்து என் முன்னிலையில் திறந்தார். முதல் நான்கு எழுத்துகளின் கட்டுகளை மட்டும் நான் பிரித்திருந்தேன். மற்றவை பைண்டர் கட்டிய நூலோடு அப்படியே இருந்தன. பைண்டருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆனால் புத்தகத்தின் ஒவ்வொரு மடிப்புக் கட்டுக்கும் அடியில் ஏ, பி, சி என்று அடையாள எழுத்து அச்சிட்டிருப்பார்கள். அந்த வரிசையில் எடுத்துத்தான் தைப்பார்கள். ஆங்கில எழுத்துகள் அவருக்குத் தெரிந்தது அப்படித்தான். ஆகவே அட்டைகளை முதல் எழுத்தை மட்டும் பார்த்துப் பிரித்திருக்கிறார். ஒரே எழுத்துக்குள் சொற்கள் முன்னும் பின்னுமாகவே கிடக்கின்றன. நானோ, படிக்கத் தெரிந்த வேறு யாரோ அடுக்கியிருந்தால் அப்படி விட்டிருக்க மாட்டோம்.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. பழைய அச்சு வழக்கப்படி அந்த அடையாள எழுத்துகளில் ஜே, வி, டபிள்யூ ஆகிய மூன்றும் கிடையாது. ஒன்றுக்கொன்று மயங்கும் என்று அச்சுக்காரர்கள் அவற்றை ஆதியிலேயே விட்டுவிட்டார்கள். இந்த அச்சகத்தில் இன்றும் அதையே பின்பற்றுகிறார்கள். பெட்டியில் இருபது கட்டுகள் வரிசையாக இருந்தன. எக்ஸ், ஒய், இஸட் எழுத்துகளில் நான் அட்டையே எழுதவில்லை; அவை போக, இருபது கட்டுகளில் இந்த மூன்று எழுத்துகளும் இல்லை. கடைசியில் தனியாக இருபத்தோராவதாக ஒரு கட்டு இருந்தது. ஆய்வாளர் அதன் நூலைப் பிரித்துப் பார்த்தார். தீர்ப்பு, பிடியாணை, உயில், சாட்சி ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்கள் எல்லாம் அதில் ஒன்றாகக் கிடந்தன. தன் வரிசையில் இடமில்லாத எழுத்துகளை என்ன செய்வதென்று தெரியாமல், தூக்கிப்போடவும் மனமில்லாமல், பைண்டர் தனியே கட்டி ஓரமாக வைத்திருக்கிறார். எண்ணூற்று நாற்பது அட்டைகளை இப்படிப் பிரிக்க, புத்தகம் தைக்கிறவர் ஒருவரால்தான் முடியும். வீட்டுக்கு வந்துபோகிறவர்களில் அப்படி வேறு யாரும் இல்லை.

ஆய்வாளர் கொஞ்ச நேரம் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, அடுக்கியது அவர்தான் என்றே வைத்துக்கொண்டாலும், சீக்கிரம் அடுக்கிவிட்டுப் போய் வந்திருக்கலாமே என்றார். நியாயமான கேள்வி. அதற்காகவே நேற்று மாலை வீட்டில் ஒரு சோதனை செய்தேன். அட்டைகள் இங்கே இருப்பதால், எண்ணூற்று நாற்பது காகிதத் துண்டுகள் வெட்டி, ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து எழுதி, தரையில் கொட்டிவிட்டு அடுக்கினேன். எனக்கு ஒரு மணி இருபது நிமிடம் ஆனது. என் வேகம் கணக்கில் சேராது என்று மருமகனை அடுக்கச் சொன்னேன். அவர் கட்டிலுக்கடியில் தலையை விட்டுக்கொண்டு, "இது எந்தச் சொல்லுக்கு எடுத்துக்காட்டு மாமா?" என்று கேட்டார். அவருக்கு ஐம்பது நிமிடம் ஆனது. நான் தூங்கியது அதிகம் போனால் அறுபத்தைந்து நிமிடம். அச்சகத்துக்குச் சைக்கிளில் போக அரை மணி, வர அரை மணி. காரிலேயே போனாலும் பன்னிரண்டும் பன்னிரண்டும் இருபத்து நான்கு. ஐம்பதோடு சேர்த்தால் எழுபத்து நான்கு. காரில் போனதாக வைத்துக்கொண்டாலும் ஒன்பது நிமிடம் போதாது.

"பைண்டர் கை உங்க மருமகன் கையைவிட வேகமா இருக்குமே ஐயா" என்றார் ஆய்வாளர். இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டேன். அந்த ஒன்பது நிமிடத்தைப் பற்றி வீட்டிலிருந்து புறப்படும்போதே எனக்குச் சந்தேகம் இருந்தது. அதனால் ஒரு வேண்டுகோள் வைத்தேன். இதே அட்டைகளைக் கலைத்துப் பைண்டரிடமே கொடுத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அடுக்கச் சொல்லலாம். சொல்லிக்கொடுக்காமலே அவர் ஜே, வி, டபிள்யூவைத் தனியே கட்டுகிறாரா என்பதையும் பார்க்கலாம். திங்கட்கிழமை அவரை மீண்டும் நீதிமன்றத்தில் நிறுத்தும்போது காவலை நீட்டிக்கக் கேட்பார்கள் என்று அறிகிறேன். அதற்கு முன் இதைச் செய்யக் கேட்டேன். ஆய்வாளர் யோசித்துவிட்டு, உயர் அதிகாரியிடம் பேசி இன்று பிற்பகலிலேயே செய்து பார்ப்பதாகச் சொன்னார். அட்டைகள் கலைவதில் எனக்கு ஆட்சேபணை உண்டா என்றும் கேட்டார். இல்லை என்றேன்.

ஆறாம் குறிப்பு. வியாழக்கிழமை மத்தியானமே பைண்டர் காவலில் இருப்பதும், என் அட்டை எடுத்துச் செல்லப்பட்டதும் எனக்குத் தெரியும். கண்ணில் மருந்து விட்டு வெளிச்சத்தில் போகக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்ததால் உடனே வர இயலவில்லை. மருந்துச் சீட்டை இணைத்துள்ளேன்.

மேற்கண்டவற்றை எழுத்தர் எனக்கு நிதானமாகப் படித்துக் காட்டினார். ஐந்து குறிப்புகள் வரை நான் சொன்னபடியே இருந்தன. ஆறாவதைப் படித்ததும், கையெழுத்துப் போடப் பேனாவைக் கொடுத்தார்கள். போட முடியவில்லை. ஆறாவது குறிப்பு தவறு. அதை அடிக்க வேண்டாம், கீழே இதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

மருந்துச் சீட்டில் உள்ளது மூன்று நாள். அது சென்ற சனிக்கிழமையோடு முடிந்தது. பாக்கி நாட்கள் நான் தினமும் காலையில் சட்டை மாற்றிக்கொண்டு கதவருகே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். தூங்கிப்போன சாட்சியைக் குறுக்கு விசாரணையில் என்ன பாடு படுத்துவார்கள் என்று முப்பத்து நான்கு வருடம் பக்கத்தில் நின்று பார்த்தவன். சிலரை எல்லோரும் சிரிக்கும்படி கேட்பார்கள். அந்தச் சிரிப்பை நான்தான் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறேன். அந்த இடத்தில் என்னை நிறுத்திப் பார்த்துவிட்டு, மாற்றிய சட்டையைக் கழற்றி மாட்டிவிடுவேன். கண்ணின் மேல் பழியைப் போட்டுக்கொண்டு இருந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குப் பைண்டரின் மனைவி என்னைப் பார்க்க வந்தார். மாடிப்படியில் செருப்பு விடும் சத்தம் கேட்டதும், நான் தூங்குவதாகச் சொல்லிவிடு என்று மகளிடம் சொன்னேன். மகள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்ச் சொன்னாள். கதவு முழுதும் சாத்தவில்லை. அந்த அம்மா சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. "எழுப்ப வேண்டாம்மா. பெரியவர் தானா எழுந்திருக்கட்டும், நான் இப்படி உக்காந்திருக்கேன்" என்றார். ஐந்து மணி வரை படியிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு மகளிடம் சொல்லிக்கொண்டு இறங்கிப் போனார்.

அந்த இரண்டு மணி நேரமும் நான் தூங்கவில்லை. கட்டிலில் சத்தம் போடாமல் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். பைண்டர் இங்கே இருந்த ஒன்பது நாட்களில், கடைசி ஆறு நாட்கள் என் பயத்தால் கூடினவை. அவர் சொன்னதில் குறை இருந்து கூடினவை அல்ல.

இதை யாரும் கேட்டு நான் சொல்லவில்லை. ஆறாம் குறிப்பு இங்கே திருத்தியபடியும், மற்ற ஐந்தும் மேலே எழுதியபடியும் நான் அறிந்த அளவில் உண்மை. முழுவதையும் படிக்கக் கேட்டு, பிறகு நானே ஒருமுறை படித்துப் பார்த்து, ஒவ்வொரு தாளின் அடியிலும் கையெழுத்திடுகிறேன்.

(கையொப்பம்)